எந்த வீடியோ, எந்த நிமிஷம்?

வாசகர் கேள்விகளுக்குத் தங்கச்சிமடம் ஸ்டூடியோ அக்காவின் பதில்கள்

போன இதழில் பாஸ்போர்ட் போட்டோ பற்றி எழுதியபோது, போகிற போக்கில் ‘யூடியூப்பில் காப்பிரைட் தொல்லை இருந்தால் எழுதுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அது வினையாகிவிட்டது. பாம்பன், கீழக்கரை, தொண்டி, வேதாளை என்று கரை முழுக்க இருந்து கடிதம். ஆகவே இந்த மாதம் வேறு கேள்வியே இல்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் வக்கீல் இல்லை. 1993 முதல் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, சர்ச் திருவிழா எல்லாம் கேசட் காலத்திலிருந்து எடுக்கிறேன். கரையோர ஊர்க்காரர்கள் தாங்கள் எடுத்த வீடியோக்களை எனக்கு அனுப்ப, அவற்றைப் போடுகிற சேனல் ஒன்றையும் நடத்துகிறேன். அடி வாங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். சட்டம் வருகிற வரிகளை மட்டும் ராமநாதபுரத்தில் வக்கீலாக இருக்கும் என் அண்ணன் மகளிடம் காட்டிவிட்டு அனுப்புகிறேன். அவள் போட்ட முதல் சிவப்புக் கோடு: “அத்தை, காப்புரிமைன்னு எழுதாதீங்க. அது கண்டுபிடிப்புக்கு வாங்குற பேடன்ட். இது பதிப்புரிமை.” சரி, பதிப்புரிமை. கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் காப்பிரைட் என்கிறீர்கள், அதுவும் இருக்கட்டும்.

கோதண்டராமர் கோயில் பக்கம் என் மாமா ஆட்கள் கரைவலை இழுப்பதை வீடியோ எடுத்துப் போட்டேன். மாமா அம்பா (வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு) பாட, மற்றவர்கள் ஏலேலோ போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் ‘இதில் உள்ள பாட்டு எங்களுடையது’ என்று ஒரு மியூசிக் கம்பெனி பெயரில் வந்துவிட்டது. எங்கள் தாத்தா காலத்து அம்பா எப்படி அக்கா அவர்களுடையதாகும்? கேஸ் போடலாமா?
– ஒரு வாசகர், பாம்பன்

தம்பி, கடிதத்தைப் படித்ததும் உங்களைவிட எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் பதில் எழுதுவதற்கு முன் நீங்கள் அனுப்பிய லிங்க்கைத் திறந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டேன். ஆறு நிமிஷ வீடியோ. மாமாவுக்கு என்ன குரல்! நாலாவது நிமிஷத்தில் வலையின் மடி கரைக்கு வந்து சேர்கிறது. காக்கா கத்துகிறது. ஒரு பையன் ‘நண்டு, நண்டு’ என்று குதிக்கிறான். அந்தச் சமயம் பார்த்து யாரோ ஒருவருடைய இடுப்பில் போன் அடிக்கிறது. பழைய சினிமாப் பாட்டு ரிங்டோன். இரண்டு கையிலும் கயிறு, மனுஷன் எப்படி எடுப்பார்? பல்லவி முடிகிற வரைக்கும் அடித்து ஓய்கிறது. அப்புறம் மறுபடியும் அடிக்கிறது. கூப்பிட்டது அவர் வீட்டுக்காரம்மாவாகத்தான் இருக்கும், விடுவதாக இல்லை.

கம்பெனி கேட்டது உங்கள் தாத்தாவின் அம்பாவை இல்லை. அந்த ரிங்டோனை.

இதை நீங்களே பார்த்திருக்கலாம். யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவுக்கு நேரே காப்பிரைட் என்று காட்டுகிற இடத்தைத் தொட்டால், எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிஷம் எத்தனையாவது வினாடியில் தொடங்கி எதுவரை என்று போட்டிருக்கும். முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அங்கேதான். பாதிப் பேர் அதைத் திறப்பதற்கு முன்பே வக்கீலைத் தேடுகிறார்கள்.

வேலை நடக்கிற விதம் இதுதான். பெரிய கம்பெனிகள் தங்கள் பாட்டுகளை முன்கூட்டியே யூடியூப்பிடம் கொடுத்துவைத்திருக்கின்றன. நாம் ஏற்றுகிற ஒவ்வொரு வீடியோவையும் கன்டென்ட் ஐடி என்கிற ஏற்பாடு அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. மெஷின்தான், யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒத்துப்போனால் கிளைம் விழும். கிளைம் வேறு, வீடியோவை நீக்கிவிட்டுச் சேனலுக்குக் கொடுக்கிற எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேறு. கிளைமால் பொதுவாக உங்கள் சேனலுக்குக் கெட்ட பெயர் வராது. விளம்பரக் காசு அவர்களுக்குப் போகலாம், சில நாடுகளில் அல்லது எங்குமே வீடியோ தெரியாமல் போகலாம், அவ்வளவுதான்.

அந்த ரிங்டோன் இடத்தை வெட்டிவிடலாம், அல்லது பாட்டை மட்டும் நீக்குகிற வசதியைப் பயன்படுத்தலாம். இரண்டாவதில் சில சமயம் அம்பாவையும் கடல் சத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிடும், கேட்டுப் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். சரி செய்ததும் கிளைம் தானாகப் போய்விடும். அடுத்த தடவை வலை இழுக்கும் முன் எல்லார் போனையும் ஒரு சட்டியில் வாங்கி வைத்துவிடுங்கள்.

எங்கள் தெரு முளைப்பாரியில் பெண்கள் கும்மி கொட்டிப் பாடியதற்குக் கிளைம் வந்திருக்கிறது. வேறு எந்தப் பாட்டுச் சத்தமும் அதில் கிடையாது, நன்றாகக் கேட்டுவிட்டேன்.
– ஒரு வாசகி, திருப்பாலைக்குடி

கேட்டுவிட்டு எழுதினீர்கள் பாருங்கள், அதற்கே ஒரு நன்றி. மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் இதேதான் நடந்தது. அதே மெட்டில் ஒரு கம்பெனி ஆல்பம் போட்டிருந்தது, மெஷின் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிட்டது.

வழிவழியாகப் பாடுகிற பாட்டுக்குத் தனி முதலாளி கிடையாது. ஆனால் அதை ஒருவர் ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்தால், அந்தப் பதிவு அவருடையது. நீங்கள் அந்தப் பதிவை எடுத்துப் போடவில்லை, உங்கள் தெருப் பெண்கள் சொந்தத் தொண்டையில் பாடியதைப் போட்டீர்கள். ஆகவே மறுப்புத் தெரிவிக்கலாம். கிளைம் பக்கத்திலேயே ‘டிஸ்ப்யூட்’ என்று இருக்கும். நான் எழுதியது நாலே வரி: இது பரம்பரைப் பாட்டு. பாடியவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். பதிவு செய்தது நான். உங்கள் ஆல்பத்தின் ஒலி இதில் இல்லை. கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுத ஆசையாகத்தான் இருந்தது.

எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கிளைம் காலாவதி. எனக்கு அப்படித்தான் போனது. ‘முடியாது, எங்களுடையதுதான்’ என்று அவர்கள் திருப்பி அடித்தால் அப்பீல் செய்யலாம், அதற்கு அவர்களுக்கு 7 நாள். அப்பீலுக்குப் பிறகும் விட மனமில்லை என்றால் அவர்கள் முறைப்படி வீடியோவை நீக்கச் சொல்லலாம், அப்போது உங்களுக்கு ஸ்ட்ரைக் விழும். அதனால் அப்பீல் பொத்தானை அழுத்தும் முன் மறுபடியும் ஒரு தடவை கேளுங்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். பாட்டில் புதிதாக யாராவது அடி சேர்த்திருக்கிறார்களா? எங்கள் தெருக் கும்மியில் ரேஷன் அரிசியைக் கிண்டல் செய்கிற நாலு வரி வரும். பழசு என்று நினைத்திருந்தேன். பார்த்தால் எதிர்வீட்டு அக்கா கட்டியது! அந்த நாலு வரிக்கு அவர்தான் சொந்தக்காரர். அவரைக் கேட்டுவிட்டுத்தான் இப்போது போடுகிறேன்.

வீடியோவுக்குக் கீழே ‘பாடல் உரியவருக்கே, நன்றி’ என்று போட்டால் போதுமா?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

போதாது. அடுத்தவர் வள்ளத்தை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டு, கட்டியிருந்த கட்டையில் ‘நன்றி’ என்று சீட்டு ஒட்டிவைத்தால் அவர் சும்மா இருப்பாரா? நன்றி சொல்வது மரியாதை. அனுமதி வேறு. ‘பத்து வினாடி வரைக்கும் போடலாம்’ என்கிறார்களே, அந்தக் கணக்கும் சட்டத்தில் எங்கேயும் கிடையாது.

எங்கள் லாத்தா (அக்கா) நிக்காஹுக்குப் பெண்கள் பக்கம் எடுக்க வேண்டும் என்று சொல்லி, பெண் கேமராக்காரர் இருக்கிற ஒரு ஸ்டூடியோவை வைத்தோம். இப்போது அந்த வீடியோவில் ஒரு துண்டை விளம்பரமாக இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார்கள். கேட்டால், ‘எடுத்தது நாங்கள், காப்பிரைட் எங்களுடையது’ என்கிறார்கள். வாப்பா மிகவும் நொந்து போயிருக்கிறார்கள்.
– ஒரு வாசகர், கீழக்கரை

தம்பி, இதற்குப் பதில் எழுதும் முன் என் கதையைச் சொல்லியாக வேண்டும். 2014-இல் நானும் இதே தப்பைச் செய்தேன். இந்தக் கரையில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் எடுத்த மருதாணி ராத்திரி அவ்வளவு அழகாக வந்திருந்தது. இரண்டு நிமிஷத்தை வெட்டி ‘சாம்பிள்’ என்று ஏற்றிவிட்டேன். நாலாம் நாள் பெண்ணின் உம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்றுகொண்டு, “தங்கச்சி, ஒன்னைய நம்பித்தானே உள்ளே விட்டோம்” என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அதற்கப்புறம் அந்தத் தெருவில் இரண்டு வருஷம் எனக்கு ஆர்டர் வரவில்லை. வராதது சரிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டு காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. கேமராவைப் பிடித்தவர் இல்லை. என் தொழில்காரர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

ஆகவே இந்த வீடியோவுக்கு உரிமையாளர், பணம் கொடுத்த உங்கள் வாப்பா. ‘மாறான ஒப்பந்தம்’ என்பதைக் கவனியுங்கள். ஆர்டர் எடுத்தபோது கொடுத்த பில்லைத் தேடி எடுங்கள். முன்பக்கம் எல்லாரும் பார்ப்போம், பின்பக்கம் பொடி எழுத்தில் ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஸ்டூடியோவுக்கு உண்டு’ என்று அச்சடித்து, கீழே உங்கள் ஆள் யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் சிக்கலாகிவிடும். அப்படி எதுவும் இல்லை என்றால், முதலில் ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. அசையவில்லை என்றால், இன்ஸ்டாகிராமில் பதிப்புரிமைப் புகாருக்கென்றே படிவம் இருக்கிறது. வாப்பா பெயரில், அந்தப் பதிவின் லிங்க், பில்லின் போட்டோ இரண்டையும் வைத்து அனுப்புங்கள். லிங்க்கை மறந்துவிட்டு ‘அந்த ஸ்டூடியோ பக்கத்தில் எங்கள் வீடியோ இருக்கிறது’ என்று மொட்டையாக எழுதினால் யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். புகார் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டதே தப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கல்யாணத்திலும் அதைச் சேர்ந்த ஊர்வலம், விருந்திலும் பாட்டு ஒலிப்பதற்குச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே விலக்கு தருகிறது. அந்தப் பாட்டோடு எடுத்த வீடியோவை உலகத்துக்கே ஏற்றும்போது அந்த விலக்கு கூடவே வராது. கேசட் காலத்தில் மணப்பெண் நடந்து வரும்போது எந்தப் பாட்டை வேண்டுமானாலும் போட்டு மிக்ஸ் செய்தோம், கேட்க ஆள் இல்லை. கேசட் பீரோவுக்குள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சினிமாக் கதை சொல்கிற சேனல் வைத்திருக்கிறேன். படத்துத் துண்டுகளைப் போட்டு மேலே பேசுவேன். இரண்டு ஸ்ட்ரைக் வந்துவிட்டது. ‘கவுன்டர் நோட்டிபிகேஷன் போடு, எல்லாம் திரும்ப வந்துவிடும்’ என்று நண்பன் சொல்கிறான்.
– ஒரு வாசகர், வேதாளை

நண்பனை அவன் பெயரில் போடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலே போய்விடும், நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். கவுன்டர் நோட்டிபிகேஷன் என்பது அமெரிக்காவின் 1998-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. ‘தவறுதலாக நீக்கிவிட்டார்கள்’ என்று உறுதிமொழி கொடுத்துச் சட்டப்படி எழுதுகிற கடிதம் அது. உங்கள் முழுப் பெயரும் விலாசமும் புகார் கொடுத்தவருக்குப் போகும். அவர் 10 வேலை நாளுக்குள் கோர்ட்டுக்குப் போனதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். காட்டினால் வராது, நீங்களும் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

விமர்சனத்துக்காக ஒரு படத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் காட்டுவதை நம் சட்டமும் ஒத்துக்கொள்கிறது. உங்கள் வீடியோக்களில் இரண்டைப் பார்த்தேன். விமர்சனம் எங்கே இருக்கிறது தம்பி? நாற்பது நிமிஷத்தில் முழுப் படமும் ஓடுகிறது, நீங்கள் கூடவே கதை சொல்கிறீர்கள். புகார் கொடுத்தவருக்கு மரியாதையாக எழுதி, ‘எடுத்துவிட்டேன், இனி போட மாட்டேன், புகாரை வாபஸ் வாங்க முடியுமா’ என்று கேளுங்கள். வாபஸ் வாங்கினால் ஸ்ட்ரைக்கும் போகும். இல்லையென்றால் 90 நாள் பொறுத்திருங்கள். உங்கள் குரல் நன்றாக இருக்கிறது. மண்டபம் கரையில் சொல்வதற்குக் கதையா இல்லை?

நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சின்ன ஆப் நடத்துகிறோம். மீனவர்கள் தாங்கள் எடுத்த வீடியோவைத் தாங்களே ஏற்றிக்கொள்ளலாம். இப்போது ஒரு மெயில்: ‘உங்கள் ஆப்பில் எங்கள் பாடல்கள் பல உள்ளன. 24 மணி நேரத்தில் அனைத்தையும் நீக்கி 2 லட்சம் ரூபாய் செலுத்தாவிட்டால் சிறை.’ ராத்திரி தூக்கம் இல்லை அக்கா.
– ஒரு வாசகர், மண்டபம்

முதலில் தூங்குங்கள். அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

2 லட்சம் என்ற தொகை எங்கிருந்து வந்தது என்று என் அண்ணன் மகளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சட்டத்தின் 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. அங்கிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு ‘தெரிந்தே’ செய்தவருக்கு. அபராதம் விதிப்பது கோர்ட், அது மெயில் அனுப்பியவர் பைக்குப் போகிற காசு இல்லை. நஷ்ட ஈடு வேண்டுமானால் அவர் சிவில் வழக்குப் போடலாம், அது தனி. அதற்காக மெயிலைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், நாளைக்கு ‘தெரிந்தே வைத்திருந்தார்கள்’ என்று சொல்ல நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

அன்றைக்கே பதில் போடுங்கள். எந்த வீடியோ, லிங்க் என்ன, அதில் எந்த நிமிஷம், எந்தப் பாட்டு, அது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது திமிர் ஆகாது. 2013-ஆம் வருஷத்துப் பதிப்புரிமை விதிகளில் 75-ஆவது விதி, புகாரில் இதெல்லாம் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது: படைப்பின் விவரம், உரிமைக்கு ஆதாரம், அது எங்கே இருக்கிறது என்ற தகவல், 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வாங்கி வருவேன் என்ற உறுதி. விவரத்தோடு புகார் வந்து, அது சரி என்று உங்களுக்குப் பட்டால் 36 மணி நேரத்துக்குள் அந்த வீடியோவை மறைக்க வேண்டும். தேடி வருகிறவர்களுக்கு ஏன் மறைத்தோம் என்று ஒரு வரி போட வேண்டும். 21 நாளில் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திரும்பக் காட்டலாம்.

‘எங்கள் பாடல்கள் பல’ என்று பொதுவாகச் சொன்னால் போதுமா என்பதும் கோர்ட் வரைக்கும் போன விஷயம்தான். மைஸ்பேஸ் என்ற இணையதளத்தின் மேல் சூப்பர் கேசட்ஸ் என்ற பாட்டுக் கம்பெனி போட்ட வழக்கில், 2016 டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, தளத்தில் எங்கேயோ இருக்கலாம் என்ற பொதுவான சந்தேகம் போதாது, குறிப்பிட்ட படைப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்றது. சுட்டிக்காட்டிய பிறகு எடுக்காமல் இருந்தால் தளத்துக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. பல பேர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி என் நோட்டைப் பற்றி. ஏலக்கடையில் வைத்திருக்கிற நீளப் பேரேடு மாதிரி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். புகார் வந்த தேதி, மணி, லிங்க், ஏற்றியவர் யார், புகார் சொன்னவர் யார், என்ன ஆதாரம் காட்டினார், நான் என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன். கம்ப்யூட்டரில் வைக்கலாமே என்று பையன்கள் சிரிப்பார்கள். பேனாவால் எழுதும்போதுதான் எனக்குப் புத்தி நிதானத்துக்கு வருகிறது.

அதில் ஒரு பக்கம்: மூக்கையூரிலிருந்து ஒருவர் ஓங்கில் (டால்பின்) கூட்டம் துள்ளுகிற வீடியோ அனுப்பினார். பிரமாதமாக இருந்தது, போட்டேன். மூன்றாம் நாள் தூத்துக்குடிப் பையன் ஒருவன், ‘அது நான் எடுத்தது’ என்று எழுதினான். ஆதாரம் கேட்டேன். கேமராவிலிருந்து இறக்கிய முழு பைலையே அனுப்பிவிட்டான். எங்களிடம் வந்ததோ முன்னும் பின்னும் வெட்டப்பட்ட துண்டு. மூக்கையூர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், “வாட்ஸ்அப்பில் வந்துச்சு, எல்லாருக்கும் பொதுன்னு நெனச்சேன்” என்கிறார். ஒரு மணி நேரத்தில் மறைத்துவிட்டு இரண்டு பேருக்கும் எழுதினேன். அவர்கள் இரண்டு பேரும் தூரத்துச் சொந்தம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது பேச்சுவார்த்தை கிடையாதாம்.

இன்னொரு பக்கம்: தொண்டிப் பக்கம் நடந்த பாய்மரப் படகுப் போட்டி வீடியோவை நீக்கச் சொல்லி ஒரு புகார். ‘ஒரிஜினல் பைல் இருந்தால் அனுப்புங்கள்’ என்று எழுதினேன். இன்று வரை பதில் இல்லை. எங்களுக்கு அனுப்பியவரிடம் ஒரிஜினல் இருந்தது. வீடியோவும் இருக்கிறது.

ஆக, ஏற்றியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் முடிக்காதீர்கள். அவரிடம் அனுமதிக் கடிதமே இருக்கலாம். பைலை அடியோடு அழிக்காமல் மறைத்து மட்டும் வையுங்கள், நாளைக்குக் கோர்ட் கேட்டால் காட்ட வேண்டும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப அடுத்தவர் சரக்கை ஏற்றினால் கணக்கை மூடிவிடுங்கள், மாமன் மச்சான் என்று பார்க்க வேண்டாம். புகாருக்கென்று தனி மெயில் விலாசம் ஒன்றை ஆப்பிலேயே போட்டு வையுங்கள். எந்த ஆதாரமும் காட்டாமல் மிரட்டிக்கொண்டே இருந்தால், அடிப்படையில்லாத மிரட்டலுக்கு எதிராகக் கோர்ட்டுக்குப் போக 60-ஆவது பிரிவு உங்களுக்கும் வழி வைத்திருக்கிறது. அங்கிருந்து வக்கீல் வேலை, நான் விலகிக்கொள்கிறேன்.

மெயிலில் இருக்கிற லிங்க் எதையும் அழுத்தவில்லையே? ‘உங்கள் சேனல் நீக்கப்படும், இங்கே அழுத்தவும்’ என்று வருகிற பாதி மெயில்கள் பாஸ்வேர்டு திருடுகிற வேலை. காசு கேட்டு கியூஆர் கோடும் வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

புதுப் பாம்பன் பாலத்தைச் சூரிய உதயத்தில் எடுத்த என் போட்டோவை ஒரு டிராவல்ஸ்காரர் என் பெயரை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார். ‘பாலம் கவர்மென்ட்டுடையது, உனக்கென்ன உரிமை’ என்கிறார்.
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

பாலம் கவர்மென்ட்டுடையதுதான். சூரியனும் உங்களுடையது இல்லை. நீங்கள் விடியற்காலையில் எழுந்து போய் எடுத்த அந்த போட்டோ உங்களுடையது. 2025 ஏப்ரலில் பாலம் திறந்ததிலிருந்து அதே இடத்தில் நின்று எத்தனையோ பேர் எடுக்கிறார்கள், அவரவர் போட்டோ அவரவருக்கு. டிராவல்ஸ்காரரும் விடியற்காலையில் போய் எடுக்கட்டுமே, யார் தடுத்தது?

பதிவு செய்திருந்தால்தான் உரிமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எடுத்த நொடியே உரிமை வந்துவிடும். வெட்டாத ஒரிஜினல் பைலையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த நாலு போட்டோவையும் பத்திரமாக வையுங்கள். திருடியவரிடம் முன்னும் பின்னும் இருக்காது.

பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாரதியார் பாட்டுப் பாடியதற்குக் கிளைம் வந்திருக்கிறது. பாரதி நாட்டுடைமை அல்லவா?
– ஓர் ஆசிரியை, தொண்டி

ஆமாம் டீச்சர், 1949-லேயே. எழுதியவர் இறந்து 60 வருஷம் ஆனாலே உரிமை முடிந்துவிடும், பாரதி மறைந்தது 1921-இல். வார்த்தையை யாரும் கேட்க முடியாது. பிள்ளைகள் எந்த இசைக்குப் பாடினார்கள்? நெட்டில் இறக்கிய கரோக்கி என்றால் கிளைம் அதற்குத்தான். உங்கள் பள்ளியில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெட்டும் சினிமா மெட்டாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பத்தா கடல்பாசி எடுக்கிறவர். ஊர் பார்க்க வந்த யாரோ அவர் கடலில் இறங்குவதையும், அப்புறம் கரையில் உட்கார்ந்து பாடுவதையும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்களாம். எங்களுக்குச் சொல்லவே இல்லை. ‘என் மூஞ்சி, என் பாட்டு, எனக்கு ஒண்ணும் இல்லையா’ என்று அப்பத்தா கேட்கிறார்.
– ஒரு மாணவி, சின்னப்பாலம்

பாப்பா, இந்த மாதம் வந்த கேள்விகளில் உன் அப்பத்தா கேட்டதுதான் கேள்வி.

முகத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. வீடியோவின் உரிமை எடுத்தவருக்குத்தான். ஆனால் அனுமதி இல்லாமல் தன்னைக் காட்டுகிறார்கள் என்று அந்தரங்கப் புகார் கொடுக்கலாம். ஏற்றியவருக்கு யூடியூப் 48 மணி நேரம் கொடுத்து, சரி செய்யச் சொல்லும். பொது இடத்தில் எடுத்தது என்று சொல்லித் தட்டிக் கழிக்கவும் வாய்ப்பு உண்டு.

பாடியதுதான் வேறு விஷயம். பாடுகிறவருக்கென்றே சட்டத்தில் 38-ஆவது பிரிவும் 38ஏ பிரிவும் இருக்கின்றன. மேடை ஏறினால்தான் பாடகர் என்று அதில் இல்லை. தான் பாடுவதைப் பதிவு செய்யவும் ஊருக்குக் காட்டவும் அனுமதிக்கிற உரிமை பாடியவருடையது. பாட்டு பழசாக இருந்தாலும் அன்று அந்தக் கரையில் பாடியது அவர்தானே. அப்பத்தா எதிலாவது கையெழுத்துப் போட்டாரா, காசு வாங்கினாரா, ‘எடுத்துக்கோ’ என்று சொன்னாரா என்பதைக் கேட்டு வை. அவர் சொல்கிறபடியே எழுது, நீ அழகுபடுத்தாதே.

லிங்க்கை எழுதும்போது கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது. பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துச் சொல், நானே வருகிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து, எத்தனையாவது நிமிஷத்தில் பாட ஆரம்பிக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று குறித்துக்கொண்டு புகாரை எழுதுவோம். ஹெட்போன் நான் கொண்டுவருகிறேன்.